பொந்து விழுந்தால் மரம் பட்டுவிடுமா?
“நடுக்கட்டை வழியாகத்தான் தண்ணீர் ஏறுகிறது, அது உளுத்தால் மரம் பட்டுவிடும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. நடுவில் கருத்திருக்கும் வைரக்கட்டை நீர் கடத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டது. அதன் குழாய்கள் பிசின், டானின் என்ற துவர்ப்புப் பொருள் எல்லாம் சேர்ந்து அடைபட்டுக் கிடக்கும். தண்ணீர் ஏறுவது சுற்றியுள்ள வெளிர் நிறச் சாற்றுக்கட்டையில். அங்கே நீரைக் கடத்தும் சைலம் என்ற திசுவின் குழாய்களும் செத்த செல்கள்தான்! உள்ளிருந்ததெல்லாம் கரைந்து வெற்றுக் குழாயான பிறகுதான் அவற்றில் நீர் ஓடும்.

பட்டைக்கு அடியிலுள்ள கேம்பியம் என்ற மெல்லிய வளரும் அடுக்கு உள்பக்கம் புதுக்கட்டையையும் வெளிப்பக்கம் உணவைக் கடத்தும் புளோயத்தையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஆள் நுழையும் பொந்து இருந்தும் கிழட்டு மரம் துளிர்க்கிறது. பட்டையைச் சுற்றிலும் உரித்துப் பாருங்கள், புளோயமும் சேர்ந்து போய்விடுவதால் வேருக்கு உணவு போகாமல் மெல்லப் பட்டுப்போகும். பொந்து மரம் காற்றுக்கு முறியலாம், அது சரி.