பெட்ரோனாஸ் கோபுரம் போகிறீர்களா? நடுவில் விட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள்

கோலாலம்பூர் போகிறவர்கள் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைப் பார்க்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். அடிவாரத்தில் அண்ணாந்து ஒரு படம், டிக்கெட் கிடைத்தால் 86ஆவது மாடி, கண்ணாடி வழியாக ஊரைக் காட்டி ஒரு வீடியோ, பிறகு கீழே மாலில் சாப்பாடு. இவ்வளவு பணமும் நேரமும் செலவழித்துப் போய், அந்தக் கட்டடத்தின் உயிரான பகுதியைக் கவனிக்காமல் திரும்புகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயரக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 88 மாடி, 451.9 மீட்டர். அதுவரை உலகின் உயரமான கட்டடமாக இருந்த சிகாகோவின் சியர்ஸ் கோபுரம் 442 மீட்டர், 110 மாடி. பெட்ரோனாஸ் உச்சியில் உள்ள கூர்முனை வடிவமைப்பின் ஒரு பகுதி, அதனால் கணக்கில் சேரும். சியர்ஸ் மேலே இருக்கும் ஆன்டெனா சேராது. இந்த விதிப்படிதான் பெட்ரோனாஸ் முந்தியது. ஆட்கள் புழங்கும் மாடியை வைத்து அளந்தால் சியர்ஸ்தான் உயரம். 2004இல் தைவானின் தைப்பே 101 வந்து பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. இன்று கோலாலம்பூரிலேயே 678.9 மீட்டருக்கு மெர்டேக்கா 118 நிற்கிறது. ஆனாலும் மலேசியா என்றதும் கண்முன் வருவது இந்த இரட்டைதான். வெறும் உயரத்துக்காக நினைவில் வைத்திருந்தால் எப்போதோ மறந்திருப்போம்.

தமிழில் இதைக் கோபுரம் என்கிறோம். தெரிந்து வைத்த பெயரோ தெரியாமல் வைத்ததோ, மிகப் பொருத்தமான பெயர். நம் கோயில்களில் கருவறைக்கு மேல் இருப்பது விமானம். வாசலுக்கு மேல் நிற்பதுதான் கோபுரம். கோபுரம் என்றாலே வாசல். இதை வடிவமைத்த சீசர் பெல்லி, அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் தொழில் செய்தவர், இரண்டு கட்டடங்களுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைத்தான் வடிவமைப்பின் மையமாக எண்ணினார். ஒரு பாத்திரத்தின் பயன் அதன் வெறுமையில் இருக்கிறது என்ற பழைய சீன ஞானி லாவோ ட்சுவின் கருத்தைச் சுட்டி, இந்த இடைவெளியை வானத்துக்கான வாசல் என்று விளக்கினார். நடுவே போகும் வான்பாலம் அந்த வாசலின் மேல்கட்டை. இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு வேறு மாதிரி பார்க்கவே முடியாது.

அடுத்து தரைப்படம். இரண்டு சதுரங்களில் ஒன்றை 45 பாகை திருப்பி மற்றதன் மேல் வைத்தால் எட்டு முனை விண்மீன் வரும். இஸ்லாமியக் கலையில் எங்கும் காணும் வடிவம் இது. ஆனால் அலுவலகத்துக்கு அது சரிப்படாது. உள்மூலைகள் தளத்தின் பரப்பைத் தின்றுவிடும். அதனால் எட்டு உள்மூலைகளிலும் ஒவ்வொரு வளைவைச் சேர்த்துப் பிதுக்கினார்கள். சுவரை ஒட்டி நின்று பாருங்கள்: ஒரு கூர்முனை, ஒரு வளைவு, மறுபடி கூர்முனை என்று மாறி மாறிப் பதினாறு வரும். உள்ளே தூண்களும் பதினாறு. பகலில் வெயில் நகர நகர நிழல் இந்த மடிப்புகளில் இறங்குவதால்தான் வெறும் எஃகும் கண்ணாடியும் செதுக்கிய கல்போலத் தெரிகிறது.

செதுக்கல் என்று சொன்னாலும் எலும்பு கான்கிரீட். எஃகை இறக்குமதி செய்தால் செலவு கட்டுப்படியாகாது என்பது முதல் காரணம். உயர்வலுக் கான்கிரீட் காற்றில் ஆடுவதையும் நன்றாகக் கட்டுப்படுத்தும். ஆனால் எடை கூடும். அந்த எடையைத் தாங்கும் மண் அங்கே இல்லை. பழைய குதிரைப் பந்தயத் திடல் அது. அடியில் கரைந்து அரித்துப்போன சுண்ணாம்புப் பாறை. முதலில் குறித்த இடத்தில் கட்டியிருந்தால் ஒரு பாதி பாறைமேலும் மறுபாதி மண்மேலுமாக நின்று, ஒரு பக்கம் மட்டும் அமிழ்ந்து சாய்ந்திருக்கும். கோபுரங்களை ஏறக்குறைய 60 மீட்டர் நகர்த்தி, அதிகபட்சம் 114 மீட்டர் ஆழம் வரை அடித்தூண்கள் இறக்கினார்கள். அந்தத் தூண்கள் பாறையில் உட்காரவில்லை, சுற்றியிருக்கும் மண்ணின் உராய்வில்தான் நிற்கின்றன. மேலே 4.5 மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் தளம். 54 மணி நேரம் நிறுத்தாமல் ஊற்றியது.

கட்டும்போது தவறும் நடந்தது. ஒரு மாடிக்குப் போட்ட கான்கிரீட் வலுச் சோதனையில் தேறவில்லை. அதை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டினார்கள். ஒரு கோபுரம் 25 மில்லிமீட்டர் சாய்ந்திருப்பது தெரிந்ததும் அடுத்த மாடிகளை எதிர்ப்பக்கமாகச் சரித்து நிமிர்த்தினார்கள். ஒன்றை ஜப்பானியக் குழுவும் மற்றதைத் தென் கொரியக் குழுவும் போட்டி போட்டுக் கட்டிய வேலை. அந்த அவசரத்திலும் இடித்துக் கட்டத் தயங்கவில்லை பாருங்கள், அதற்கே ஒரு வணக்கம்.

இனி மேலே போகிறவர்களுக்கு. டிக்கெட்டில் நேரம் குறித்திருக்கும், எண்ணிக்கையும் குறைவு. அன்றைக்குப் போய் வாங்கலாம் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. வெள்ளி நண்பகலில் தொழுகைக்காக இடைவேளை உண்டு. ரயிலில் போனால் கிளானா ஜெயா தடத்தில் கேஎல்சிசி நிலையத்தில் இறங்கி, மாடி எதுவும் ஏறாமல் கீழ்த்தளத்திலேயே டிக்கெட் முகப்பைத் தேடுங்கள். காலை நேரமே நல்லது. பிற்பகலில் இடியோடு மழை வந்தால் 86ஆவது மாடியில் வெள்ளைத் திரையைத்தான் பார்ப்பீர்கள். ஆண்டின் நடுமாதங்களில் காட்டுத்தீப் புகைமூட்டம் வரும் நாட்களும் அப்படியே.

முதலில் 41ஆவது மாடிக்குக் கூட்டிப்போவார்கள். தரையிலிருந்து 170 மீட்டர். 58.4 மீட்டர் நீளமும் 750 டன் எடையும் உள்ள பாலம், இரண்டு அடுக்கு. கீழடுக்கு நமக்கு, மேலடுக்கு அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு. எல்லோரும் சன்னலுக்கு ஓடுவார்கள். நீங்கள் பாலம் கோபுரத்தோடு சேரும் முனையில் நின்று பாருங்கள். இரண்டு கோபுரங்களும் காற்றில் தனித்தனியாக ஆடும். பாலத்தை இறுக்கிப் பூட்டியிருந்தால் பிய்ந்துவிடும். அதனால் முனைகள் உள்ளேயும் வெளியேயும் நழுவும்படி விடப்பட்டிருக்கின்றன. எடையைத் தாங்குவது 29ஆவது மாடியிலிருந்து சாய்வாக எழும் கால்கள். அந்தக் கால்களும் காற்றில் அதிராமலிருக்க அவற்றின் உள்ளே அதிர்வுத் தணிப்பான்கள் உண்டு.

பாலம் தப்பிக்கும் வழியும்கூட. ஒரு கோபுரத்தில் தீ என்றால் அடுத்ததற்குக் கடந்து போய்விடலாம். ஆனால் 2001 செப்டம்பர் 12 அன்று வெடிகுண்டுப் புரளியால் இரண்டையும் ஒரே நேரத்தில் காலி செய்தபோது படிக்கட்டுகள் போதவில்லை. அதற்குப் பிறகு லிஃப்டுகளையும் பயன்படுத்தும்படி திட்டத்தை மாற்றினார்கள்.

பாலத்திலிருந்து 83ஆவது மாடி, அங்கே வேறு லிஃப்ட் மாறி 86. ஊரைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே இருக்க விடுவது கொஞ்ச நேரம்தான். அதில் பாதியையாவது எதிர்க்கோபுரத்துக்குக் கொடுங்கள். அதன் உச்சி படிப்படியாக ஒடுங்குவதையும், கூர்முனையில் வளையங்களை அடுக்கிச் செய்த உருண்டையையும் இவ்வளவு கிட்டத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. கீழிருந்து ஊசிபோலத் தெரிந்த அந்த முனை மட்டும் 73 மீட்டருக்கு மேல்.

டிக்கெட் கிடைக்காதவர்கள் வருத்தப்பட வேண்டாம், வாசலைப் பார்க்கக் காசு தேவையில்லை. பின்பக்கம் உள்ள 50 ஏக்கர் பூங்கா பிரேசில் நிலவடிவமைப்பாளர் ரொபெர்டோ புர்லே மார்க்ஸின் கடைசிக் காலப் படைப்பு. ஏரியை ஒட்டிய நடைபாதையில் மெதுவாக நடந்தால் கோபுரங்கள் ஒன்றையொன்று மறைத்து, விலகி, ஓரிடத்தில் சரியாகத் திறக்கும். அங்கே நில்லுங்கள். காலையில் வெயில் இந்தப் பக்கம் விழும். மாலையில் அம்பாங் சாலைப் பக்கம் போய் நடுக்கோட்டில் நின்றால், பாலமும் அதன் கால்களும் சேர்ந்து கவிழ்த்துப் போட்ட 'வி' போலத் தெரியும், நடுவில் வானம்.