திருநெல்வேலிக்கே அல்வா விற்கப் போனவர்கள்

ஜப்பானிய உணவகங்கள் வெளிநாட்டில் ஜெயிப்பதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அவங்க தரம் அப்படி" என்று முடித்துவிடுகிறோம். தரம் மட்டும் போதுமென்றால், ஸ்டேக் எனும் தடித்த இறைச்சித் துண்டைச் சுட்டுத் தரும் ஜப்பான் உணவகமான இக்கினாரி ஸ்டேக் ஏன் நியூயார்க்கில் மண்ணைக் கவ்வியது?

2013-ல் டோக்கியோவின் கின்சா பகுதியில் தொடங்கிய கடை அது. இத்தனை கிராம் என்று சொன்னால், உங்கள் கண்முன்னாலேயே இறைச்சியை வெட்டித் தராசில் வைத்துக் காட்டுவார்கள். சுடச்சுட இரும்புத் தட்டில் வரும். ஆனால் அப்போது நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டியிருந்தது. அது வேடிக்கைக்காக அல்ல, வியாபாரக் கணக்கே அதில்தான் இருந்தது. சின்ன இடம், சாப்பிட்டவர் சீக்கிரம் கிளம்புவார், அடுத்தவர் வருவார். அதனால்தான் நல்ல இறைச்சியை மலிவாகக் கொடுக்க முடிந்தது. ரயில் நிலையத்தில் நின்றபடியே சோபா (soba) நூடுல்ஸ் உறிஞ்சிப் பழகிய மக்கள், ஏற்றுக்கொண்டார்கள்.

2017-ல் அதை அப்படியே நியூயார்க்குக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திருநெல்வேலிக்கே அல்வா! அங்கே ஸ்டேக் என்றால் சாவகாசமாக உட்கார்ந்து, ஒயின் குடித்து, கதை பேசிச் சாப்பிடுவது. அப்புறம் நாற்காலி போட்டுப் பார்த்தார்கள். நாற்காலி வந்த பிறகு அந்தப் பழைய கணக்குக்கு என்ன அர்த்தம்? 2018-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தை வரைக்கும் போனவர்கள், 2019 தொடக்கத்தில் அங்கே இருந்த 11 கடைகளில் 7-ஐ மூடுவதாக அறிவித்தார்கள்.

சரி, எதையும் மாற்றாமல் கொண்டுபோனதுதான் தப்பா? அப்படியும் சொல்ல முடியாது. 2016-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் திறந்த இச்சிரான் ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை, தன் சொந்த ஊரான ஜப்பானின் ஃபுகுவோகாவில் இருப்பதுபோல, ஒருவர் மட்டும் உட்காரும் தடுப்புகளை அப்படியே வைத்தது. குழம்பு எவ்வளவு கெட்டி, பூண்டு எவ்வளவு என்று தாளில் குறித்துக் கொடுத்தால், மூங்கில் திரைக்குக் கீழே கிண்ணம் வரும், திரை இறங்கிவிடும். பரிமாறுபவர் முகமே தெரியாது. டிப்ஸும் கிடையாது. ராமென் இப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று அமெரிக்கர்களுக்குத் தாத்தா காலத்துப் பழக்கம் எதுவும் இல்லை. அதனால் சொன்னபடி கேட்டார்கள். ஸ்டேக்கில் அது நடக்காது.

இந்த விஷயத்தில் கோகோ இச்சிபான்யா கெட்டிக்காரத்தனம் காட்டியது என்பேன். இந்தியாவுக்கே கர்ரி (curry) விற்க வந்த ஜப்பான் கம்பெனி! 2020-ல் ஜப்பானின் மிட்சுய் வணிக நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, ஜப்பானியர் நிறையப் பேர் வசிக்கும் குருகிராமில் முதல் கடையைத் திறந்தது. மாடு, பன்றி இரண்டையும் விட்டுவிட்டது. காரம் எத்தனை, சோறு எவ்வளவு, மேலே என்ன வைக்கலாம் என்று வாடிக்கையாளரையே தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறையை மட்டும் விடவில்லை. நம் வீட்டுக் குழம்போடு அது போட்டி போடவும் இல்லை. லேசான இனிப்போடு கெட்டியாக, ஒட்டும் சோற்றின் மேல் பொரித்த கோழியோடு வருவதை நம்மில் யார் குழம்பு என்று சொல்வார்கள்?