"உதவிக்கு நிக்கிறான்"

போன கிழமை திருகோணமலை உப்புவெளிக் கரையில் நின்றேன். காலை எட்டு மணி இருக்கும், கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் கடைசியில் ஒரு பெடியன். பன்னிரண்டு வயதுக்கு மேல் சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட நாள். பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். "சும்மா உதவிக்கு நிக்கிறான் தம்பி. மடி கரைக்கு வந்தா கறிக்கு ரெண்டு மீன் கொண்டு போவான்" என்றார்.

இந்த 'உதவிக்கு' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவனும் உதவிக்குத்தான் நிற்கிறான். கராஜில் கிறீஸ் பூசிக்கொண்டு நிற்பவன் 'வேலை பழகுறான்'. கேட்டுப் பாருங்கள், திருகோணமலையில் ஒரு பிள்ளையும் வேலை செய்யவில்லை!

பின்னேரம் முற்றம் கூட்டுவதையோ, லீவு நாளில் அப்பாவோடு வலை பிரிப்பதையோ நான் குறை சொல்லவில்லை. நாங்களும் அப்படி வளர்ந்தவர்கள்தான். படிப்பைத் தின்கிற வேலை, உடம்பைக் கெடுக்கிற வேலை, அதைத்தான் சொல்கிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃபும் எடுத்த கணக்கில், 2024 இல் உலகத்தில் 13 கோடியே 80 லட்சம் பிள்ளைகள் இப்படி இருக்கிறார்கள். பத்துப் பேரில் ஆறு பேர் வயல், தோட்டம், மீன்பிடி என்று நிற்பவர்கள். நாமோ சிறுவர் தொழில் என்றதும் ஏதோ ஃபாக்டரியை நினைத்துக்கொண்டு 'இஞ்ச அப்பிடி இல்லை' என்கிறோம்.

இலங்கைச் சட்டத்தில் பெரிய ஓட்டை இல்லை. முன்பு இருந்தது. 2016 இல் கட்டாயக் கல்வி வயதை 16 ஆக்கினார்கள், வேலைக்கான குறைந்த வயதோ 14 இலேயே கிடந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்திலும் இருக்க வேண்டும், வேலைக்கும் போகலாம்! அது 16 ஆனது 2021 இல்தான்.

சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற நம்பருக்கு அடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்காரருக்குத் தண்டம் அடித்தால் மட்டும் போதாது, பெடியன் அடுத்த கடைக்குப் போவான். அப்பாவுக்குத் தொழில் இல்லை, அம்மாவுக்குக் கிழமைக் கடன் கட்ட வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் நாம் எல்லோரும் பார்த்ததுதானே. என்னைக் கேட்டால், வகுப்பில் ஒரு இடம் மூன்று நாள் காலியாகக் கிடந்தால் நாலாம் நாள் யாராவது அந்த வீட்டுப் படலையைத் தட்ட வேண்டும். ஒரு வருசம் கழித்துப் போனால் அவன் கையில் காசு புழங்கியிருக்கும், திரும்பி வரமாட்டான்.

சரி, ஊரைச் சொல்லிவிட்டு என் வீட்டைச் சொல்லாமல் விட முடியாது. நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை 'உதவிக்கு' நின்றாள். "எங்கட பிள்ளை மாதிரித்தான் வச்சிருந்தம்" என்று அம்மா இப்போதும் சொல்வார். அன்றைக்குக் கடற்கரையிலிருந்து வந்து கேட்டேன், "அவள் வரேக்க என்ன வயசு அம்மா?"

"உன்ர வயசுதான்."

எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்க விடிய நாலு மணிக்கு என்னை எழுப்பி, தேத்தண்ணி போட்டுத் தந்தது அவள்தான்.