சாப்பிடவாவது தனியாகப் போங்கள்

பினாங்குக்குப் படிக்கக் கிளம்புகிற பிள்ளைகளுக்கு ஊரில் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடி அனுப்புகிறார்கள். "அங்க சாப்பாட்டுக்குப் பிரச்சினையே இல்ல, நம்ம ஆளுங்க கடை தெருவுக்குத் தெரு இருக்கு." உண்மைதான். வம்பும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வந்து இறங்கிய வாரமே நம் பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஒரு செட்டாகிவிடுகிறார்கள். சேர்ந்து வீடு எடுக்கிறார்கள், முறை போட்டுச் சமைக்கிறார்கள், சனிக்கிழமையானால் சேர்ந்து லிட்டில் இந்தியாவுக்கு பஸ் ஏறுகிறார்கள். தோசை, செல்ஃபி, திரும்பி வந்து வெப் சீரிஸ். பட்டம் வாங்கி ஊருக்குப் போகிற நாளில், மலேசியாவில் யாரையெல்லாம் தெரியும் என்று கேளுங்கள். சூப்பர்வைசர், வீட்டு ஓனர். அதோடு லிஸ்ட் முடிந்தது.

சேர்ந்து வீடு எடுங்கள், தப்பே இல்லை. வாடகை அப்படி. என் கட்சி இவ்வளவுதான்: வாரத்தில் சில வேளையாவது சாப்பிடத் தனியாகப் போங்கள்.

காரணம் இங்கே கோப்பிக் கடை நடக்கிற விதத்தில் இருக்கிறது. பெரும்பாலும் கடை முதலாளி விற்பது தண்ணி மட்டும்தான். தே (டீதான்), கோப்பி, பார்லி, அவ்வளவே. உள்ளே வாடகைக்கு அடுப்பு போட்டிருப்பவர்கள் தனித்தனி ஆட்கள். ஒருவர் சார் கோய் தியாவ் என்ற பட்டை அரிசி நூடுல்ஸ் கிண்டுவார், ஒருவர் வான்தான் மீ என்ற நூடுல்ஸ் போடுவார், இன்னொருவரிடம் ஹொக்கியன் மீ. மேஜை எல்லோருக்கும் பொது. மதியம் ஒரு மணிக்கு அங்கே தனியாக ஒரு ஆள் போய் நின்றால், எங்கேயாவது ஒரு நாற்காலி காலியாக இருக்கும். "இங்க ஆள் இருக்கா?" என்று விரலைக் காட்டினால் போதும், அந்த மேஜைக்காரர்கள் தட்டை நகர்த்தி இடம் கொடுப்பார்கள். ஐந்து பேராகப் போனால் ஐந்து நாற்காலி காலியாகும்வரை வாசலில் நிற்க வேண்டும். கிடைத்ததும் வட்டம் கட்டி, ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, பழைய காலேஜ் கதையைத்தான் மறுபடி பேசுவீர்கள்.

ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த சீனத் தாத்தாவை அப்படித்தான் தெரியும். நான் வாங்கியிருந்தது அசாம் லக்சா. மீன் குழம்பில் புளிப்பு தூக்கலாக, மேலே புதினா, வெங்காயம், அன்னாசித் துண்டு. கிண்ணத்தோடு ஒரு பீங்கான் கரண்டியில் கறுப்பாக ஒரு விழுது வந்தது. ஹே கோ, இறால் விழுது. அதைத் தொட்டுக்கொள்வதா, கலப்பதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே தாத்தா என் கரண்டியை எடுத்தார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதுபோல, ஒரு வார்த்தை கேட்கவில்லை. விழுதைக் குழம்பில் முக்கி, மூன்று சுற்று சுற்றி, அடியில் கிடந்த தடித்த அரிசி நூடுல்ஸை மேலே கொண்டுவந்து, கரண்டியைத் திரும்ப என் பக்கம் வைத்துவிட்டுத் தன் கிண்ணத்துக்குப் போய்விட்டார். அப்புறம் பேச்சு. என் சந்தைக்கடை மலாய்க்கும் அவருடைய மலாய்க்கும் அதிக தூரமில்லை, ஒருவாறு ஓடியது. தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் பக்கம் பிறந்தவராம். 1985-இல் பாலம் திறப்பதற்கு முன்னால் தீவுக்கு வேலைக்கு வர ஃபெர்ரியைத் தவிர வழி கிடையாது, மழை என்றால் லாரிகளின் க்யூ எப்படி நிற்கும் என்று மேஜைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். இதை எந்த ஃபுட் விலாக்கர் காட்டினார்? அவர்கள் காட்டுவது செண்டோல் என்ற ஐஸ் இனிப்பு விற்கும் ஒரே கடையின் ஒரே வரிசையைத்தான்.

நாசி கண்டார் கடைக்கு வாருங்கள். இங்கேதான் எனக்குக் கோபமே. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குச் சோறும் குழம்பும் காவடித் தண்டில் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்கள் தொடங்கி வைத்த சாப்பாடு இது. கேம்பல் ஸ்ட்ரீட்டில் ஹமீதியா 1907-இலிருந்து நடக்கிறது. இன்று வரிசையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் நிற்கிறார்கள். பலரும் கவுண்டரில் இருப்பவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த அண்ணன்களில் பலர் ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஆனால் நம் ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் சிலர் அவர்களிடம் இங்கிலீஷில் ஆர்டர் கொடுக்கிறார்கள். ஏன் ராசா?

கும்பலாகப் போனால் அவருக்கு நீங்கள் ஐந்து தட்டு, தட்டுக்கு ஒரு கோழி. தனியாக, கூட்டம் குறைந்த மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். "எந்த ஊரு தம்பி?" என்று வரும். எனக்குப் பழக்கமான அண்ணன் தேவிபட்டினத்துக்காரர். பி.எச்டி என்றதும் "ஊசி போடுற டாக்டரா, போடாத டாக்டரா?" என்றார். மகள் பிளஸ் டூ. கோழிக் காலைக் கத்தியால் நாலாக வெட்டிக்கொண்டே கட் ஆஃப் கேட்பார். நான் சொல்வதற்குள் வெண்டைக்காய் ஒன்றை வைத்து, நாலு சட்டியிலிருந்தும் குழம்பை மாற்றி மாற்றி ஊற்றிச் சோற்றை மூழ்கடித்திருப்பார். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் அதற்கு முன்னாலேயே "குவா டாகிங் (மாட்டுக்கறிக் குழம்பு) வேணாம்ணே" என்று சொல்லிவிடுங்கள். குழம்பு கலந்த பிறகு பிரித்தெடுக்க முடியாது.

உள்ளூர்த் தமிழர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் சந்தை வாசலில் புட்டு மாயம் விற்கும் அக்கா, காலைச் சாப்பாடு ஆச்சா என்பதை இந்த ஊர்த் தமிழில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் அதைப் போய் ரீல்ஸ் போட்டுச் சிரிக்காதீர்கள். வாங்கிச் சாப்பிடுங்கள். இடியாப்பத்துக்கு மேலே தேங்காய்ப்பூவும் சிவப்புச் சர்க்கரையும்.

இதைச் சொன்னால் வருகிற மறுப்புகளும் தெரியும். லேபில் கூட இருக்கும் தோழி, "ராத்திரி பதினொரு மணிக்கு மாமாக் கடையில தனியா உட்கார்ந்து தே தாரேக் குடிக்கிறதெல்லாம் உனக்கு ஈசி, எனக்கு இல்ல" என்றாள். நியாயம். (மாமாக் கடை என்றால் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடை, தே தாரேக் என்றால் ஆற்றிய பால் டீ.) அவள் போவது காலை நேரத்துக் கோப்பிக் கடைகளுக்கு. அங்கே மேஜைக்கு மேஜை ஆன்ட்டிகள், ஒருத்தர் அவளுக்கு வரன் வரைக்கும் போய்விட்டார். சைவக்காரர்களுக்குச் சீனர்களின் சைவக் கடைகள் உண்டு; சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் போனால் விரதக் கூட்டம் நிரம்பி வழியும், உட்கார்ந்தாலே பேச்சுத் துணைதான். சார் கோய் தியாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் கடைகள் நிறைய, ஆகாதவர்கள் ஹலால் போர்டு பார்த்து நுழையுங்கள். மாசக் கடைசியில் நாசி கண்டார் கட்டுப்படியாகாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் என்று போகும் மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை 2024-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்ததே, அப்போது நம் குரூப்களில் எல்லோரும் ரொட்டி போட்டோவாகப் போட்டுத் தள்ளினார்கள். பல இனத்தவர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் பட்டியலில் எழுதியிருக்கிறது. அதைப் பற்றி ஒரு போஸ்ட்கூட இல்லை.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. பினாங்கில் ஹொக்கியன் மீ என்றால் இறால் சூப். கோலாலம்பூரில் அதே பெயருக்குக் கறுப்பு சோயாவில் வதக்கிய தடித்த மீ வரும். "எது நிஜமான ஹொக்கியன் மீ அங்கிள்?" என்று அப்பாவியாகக் கேட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பியுங்கள். பக்கத்து மேஜையும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்த செமஸ்டருக்கு வருகிறவர்கள் "டாப் டென் கடை லிஸ்ட் அனுப்புங்கண்ணா" என்று இன்பாக்ஸில் வராதீர்கள், என்னிடம் கிடையாது. குளுகோரில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற யாரிடமாவது கேளுங்கள். ஆளுக்கொரு கடை சொல்வார்கள், அடுத்தவர் சொன்னதை மட்டம் தட்டுவார்கள். ஹெட்போனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். தண்ணி ஆர்டர் எடுக்க வருகிறவரிடம் மறக்காமல் "கூராங் மானிஸ்" என்று சொல்லுங்கள். இல்லையென்றால் கிளாஸில் பாதி சர்க்கரைதான் வரும்.