நடுவுல உக்காந்திருந்த அந்தம்மா

ரியாலிட்டி ஷோ ஜட்ஜ்னு பேச்சு எடுத்தாலே நம்மாளுங்க, அமெரிக்கன் ஐடல் பாட்டுப் போட்டில ஜட்ஜா இருந்த ஸைமன் கோவெல் புராணம் பாட ஆரம்பிச்சிடுறாங்க, மனுஷன் மூஞ்சிக்கு நேரா பேசுவான், நேர்மைன்னா அது தான்னு. பக்கத்து சீட்ல இருந்த பவுலா அப்துல் பத்திக் கேட்டா ஒரு நக்கல் சிரிப்பு. "அது சும்மா கைதட்டுற கேஸு, முன்னாடி சியர்லீடர் தானே." எனக்கு இந்த "சியர்லீடர் தானே" மேல தான் கடுப்பு.

2002-ல அமெரிக்கன் ஐடல் ஆரம்பிச்சப்போ அந்த மேசைல இருந்த மூணு பேர்ல, தானே பாடி பில்போர்டுல, அதாவது அமெரிக்காவோட ஹிட் பாட்டு லிஸ்ட்ல, நம்பர் ஒன் அடிச்ச ஒரே ஆள் அந்தம்மா தான். ராண்டி ஜாக்சன் பேஸ் கிடார் வாசிச்சவர், அப்புறம் புரொட்யூசர். ஸைமன் ரெக்கார்ட் கம்பெனி ஆளு. ஆனா ஜனங்க கண்ணுக்கு யார் நிபுணர், யார் ஜோக்கர்னு பாருங்க!

(பேர்ல அப்துல் இருக்கேன்னு முஸ்லிம்னு நெனச்சவங்க நம்ம பக்கம் நெறைய பேர். அப்பா சிரியால பொறந்த யூதர், அம்மா கனடாக்கார யூதப் பொண்ணு.)

பொறந்தது 1962, கலிஃபோர்னியா. நார்த்ரிட்ஜ்ல கால் ஸ்டேட் காலேஜ்ல மொத வருஷம் பிராட்காஸ்டிங் படிச்சிட்டு இருக்கும்போதே லேக்கர்ஸ் பேஸ்கட்பால் டீமோட சியர்லீடர் குரூப்பான லேக்கர் கேர்ள்ஸ் செலக்‌ஷனுக்குப் போறாங்க, 700 பேர் வந்த கூட்டத்துல எடம் கெடைக்குது, ஒரே வருஷத்துல அந்த குரூப்புக்கே தலைமை கோரியோகிராஃபர் ஆயிடுறாங்க. அந்த டீமுக்கு ஸ்டார் பிளேயர் மேஜிக் ஜான்சன் ஆடிட்டு இருந்த காலம் அது, லாஸ் ஏஞ்சலிஸ்ல அந்த மேட்சே ஒரு திருவிழா. நமக்கு சியர்லீடர்னா 2008 ஐபிஎல்ல பவுண்டரி போனா ஆடுன வெள்ளக்காரப் பொண்ணுங்க தான் ஞாபகம் வரும், கேமராவும் அத எந்த எடத்துல ஃபோகஸ் பண்ணுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த வேலைய கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மேட்ச் நடுவுல விடுற டைம் அவுட்ல கெடைக்கிறது ஒண்ணு ரெண்டு நிமிஷம், நாலு பக்கமும் ஆடியன்ஸ், அதனால இது முன்னாடி இது பின்னாடின்னு ஒண்ணு கெடையாது, கடைசி வரிசைல பாப்கார்ன் தின்னுட்டு இருக்குறவனும் திரும்பிப் பாக்கணும். இதுக்கு ஆட்டம் அமைக்கிறது லேசுப்பட்ட காரியமா?

மேட்ச் பாக்க வந்த ஜாக்சன் பிரதர்ஸ், மைக்கேல் ஜாக்சனோட அண்ணன் தம்பிங்க, திரும்பிப் பாத்தாங்க. 1984-ல அவங்களோட 'டார்ச்சர்' வீடியோவுக்கு டான்ஸ் அமைச்சது இந்த 22 வயசுப் பொண்ணு. கொல்லன் தெருவுல ஊசி விக்கிறதுன்னா இது தான், ஆனா வித்துட்டாங்க. அப்புறம் அவங்க தங்கச்சி ஜேனட் ஜாக்சனோட 'நாஸ்டி', அதுக்கு 1987-ல எம்டிவி கோரியோகிராஃபி அவார்டு. எடி மர்ஃபி நடிச்ச 'கமிங் டு அமெரிக்கா'ல அரண்மனைல ஒரு ஆப்பிரிக்க டான்ஸ் வருமே, அதுவும் அவங்க தான்.

1988-ல சொந்த ஆல்பம். வந்த உடனே ஓடல, 64 வாரம் கழிச்சு தான் நம்பர் ஒன் போச்சு. குரல் சுமார் தான், அதுல எனக்கு சண்டை இல்ல. பின்னணி பாடுன ஒருத்தங்க சில பாட்டுல கேக்குறது என் குரல்னு கேஸே போட்டாங்க, 1993-ல ஜூரி பவுலா பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. ஆனா அந்த ஆல்பத்துல வந்த 'ஸ்ட்ரெயிட் அப்' பாட்டு வீடியோ பாருங்க, டேவிட் ஃபின்ச்சர் எடுத்தது, கறுப்பு வெள்ளை. பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டேப் டான்ஸ் சத்தம் மட்டும் டக டகன்னு வரும். குரல்ல இருக்குற பள்ளத்த காலால ரொப்பத் தெரிஞ்ச ஆளு.

இதெல்லாம் நடந்துட்டு இருக்கும்போதே உள்ளுக்குள்ள புலிமியா. சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்குற நோய், 1994-ல சிகிச்சைக்குப் போய் சேர்ந்தாங்க, அப்புறம் வெளிப்படையாவும் பேசுனாங்க. உடம்பையே மூலதனமா வெச்சு பொழைக்கிற தொழில்ல எத்தன பேருக்கு இது இருந்துச்சோ.

அப்புறம் தான் ஐடல். அவங்க "நீ இன்னிக்கு ரொம்ப அழகா இருக்க"ன்னு ஆரம்பிச்சாலே பாட்டு சரியில்லன்னு நமக்குப் புரிஞ்சிடும். ஸைமன் சொன்னதே தான், குத்தாம சொன்னாங்க, அவ்ளோ தான் வித்தியாசம். 2004-ல வில்லியம் ஹங்னு பெர்க்லி ஸ்டூடண்ட் ஒருத்தர் வந்து சுருதியும் இல்லாம தாளமும் இல்லாம ஆடிப் பாடி, ஸைமன் கிழிச்சுத் தொங்கவிட்டதும், என்னால முடிஞ்சத குடுத்துட்டேன் எனக்கு வருத்தம் இல்லன்னு சொன்னாரே, அந்த மனசு தான் வேணும்னு அவர்கிட்ட சொன்னது பவுலா தான்.

சொதப்பலும் உண்டு. 2008-ல ஆளுக்கு ரெண்டு பாட்டு எபிசோட்ல, மொத ரவுண்டு முடிஞ்சதும் திடீர்னு கருத்து கேக்க, போட்டியாளர் ஜேசன் காஸ்ட்ரோ இன்னும் பாடவே பாடாத ரெண்டாவது பாட்டுக்கு விமர்சனம் சொல்லிட்டாங்க. லைவ்ல! நானும் சிரிச்சேன், சிரிக்காம எப்படி இருக்க முடியும். ஆனா அவங்க போதைல இருக்காங்கன்னு வருஷக்கணக்கா கிளப்பி விட்டது வேற விஷயம், இல்லவே இல்லன்னு அவங்க சொல்லிட்டே இருந்தாங்க, எவன் கேட்டான். ஸைமன் சிடுசிடுன்னா அது ஸ்டைல், அந்தம்மா கொஞ்சம் கலகலன்னா அது போதை. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

2009-ல காண்ட்ராக்ட் பேச்சு முறிஞ்சு வெளிய வந்தாங்க. 2023 டிசம்பர்ல அந்த ஷோ புரொட்யூசர் நைஜல் லித்கோ மேல பாலியல் தாக்குதல் வழக்கு போட்டாங்க, அந்த மனுல ஆம்பள ஜட்ஜுங்களுக்கும் ஹோஸ்டுக்கும் கெடைச்ச அளவு சம்பளம் தனக்குத் தரலன்னும் இருந்துச்சு. அவர் மறுத்தாரு, 2024 கடைசில ரெண்டு தரப்பும் சமரசம் ஆயிட்டாங்க. உள்ள என்ன நடந்துச்சுன்னு தீர்ப்பு சொல்ல நான் யாரு. ஆனா அந்த மேசைல நம்பர் ஒன் பாட்டு வெச்சிருந்த ஒரே ஆள் "எனக்கு சம்பளம் கம்மி"ன்னு எழுத வேண்டி வந்ததப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியமே வரல.

ஸைமன் ரசிகர்கள் கமெண்ட்ல வரலாம். வரும்போது அவர் பாடி ஹிட்டான பாட்டு ஒண்ணோட லிங்க் எடுத்துட்டு வாங்க.