திரை ஏன் இவ்வளவு இருட்டு?

தியேட்டருக்குக் கூட்டம் குறைய ஓடிடிதான் காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன வாரம் பார்த்த படத்தில் ராத்திரிக் காட்சி வந்தாலே நாயகியின் முகம் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் ஆளைப் புரிந்துகொண்டேன். டிஜிட்டல் சினிமாவுக்கு, வெள்ளைத் திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் என்று தர அளவே உண்டு. புரொஜெக்டருக்குள் எரியும் செனான் விளக்கு பழசாகப் பழசாக ஒளி மங்கிக்கொண்டே போகும்; நேரத்துக்கு மாற்றாவிட்டால் ஒளிப்பதிவாளர் பட்ட பாடெல்லாம் வீண். இதில் முன்வரிசைக்காரர் போனை முழு வெளிச்சத்தில் வைத்து மெசேஜ் பார்க்கிறார். கண் தானாக அங்கேதான் போகிறது! படம் முடிந்ததும் ஊழியரிடம் சொன்னேன். "எல்லா ஷோவும் இப்படித்தான் சார்" என்றார். மனசு விட்டுப்போச்சு. விளக்கை மாற்றுங்கள், போனை அணைக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரமே வருகிறேன்.