அது எந்த மாடிங்க?

அக்கா மகளைச் சேர்க்க கோயமுத்தூர் பக்கம் ஒரு காலேஜுக்குப் போயிருந்தேன். பேர் வேண்டாம். கையில குடுத்த வழவழப்பான புத்தகத்துல ‘மாணவர் நல மையம்’னு ஒரு பக்கம். சக்கர நாற்காலியில செக்கச்செவேல்னு ஒரு புள்ளை சிரிக்குது. எங்க நெறத்துல ஆள் பார்க்கணும்னா கடைசிப் பக்கம், ஸ்காலர்ஷிப்புக்குப் போகணும். அங்கயும் கையக் கட்டி செக் வாங்குற போட்டோதான்.

எங்க அம்மணிக்கு வலது கால் பொறந்ததுல இருந்தே சரியில்லை, ஊன்றுகோல் வெச்சு நடப்பா. சாதி, அருந்ததியர். ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கும்னு புத்தகம் அடிச்சவங்களுக்குத் தோணவே இல்லை.

கவுண்டர்ல இருந்தவர் மரியாதையாத்தான் பேசினார். “எஸ்சி, எஸ்டி செல்லு ரெண்டாவது மாடிங்க. கால் விசயம் வேற செக்சனுங்க, லைப்ரரி பக்கம்.” வரிசையில நின்ன அத்தனை பேருக்கும் எங்க சாதி தெரிஞ்சாச்சு. லிப்ட்? “ஸ்டாஃபுக்கு மட்டுமுங்க.”

அவ படியை அண்ணாந்து பார்த்துட்டு, “மாமா, நீங்களே போயிட்டு வாங்க”ன்னா.

எறங்கி வரும்போதுதான் அந்த சக்கர நாற்காலியைப் பார்த்தேன். மாடிப்படிக்கு அடியில, மேல பழைய விடைத்தாள் கட்டு. முதுகுல ‘உபயம்’னு போட்டு ஒருத்தர் பேரு. கால் வைக்கிற தகட்டுல பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கலை.

வாசல்ல ராம்ப் இருக்கு. நான் கட்டட வேலைக்காரன், கண்ணு அங்கதான் போகும். ஒண்ணரை அடி உயரம். ஒரு அடி ஏற பன்னெண்டு அடி நீளம்னா, 18 அடி வேணும். இருந்தது ஆறடி. பைக் ஏத்தலாம்.

காலேஜுங்களுக்கு விதி போடுற யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2012-லயே போட்ட சமத்துவ விதிமுறையில சாதி, மதம், மொழி, பாலினம், மாற்றுத்திறன் எல்லாம் ஒரே வரிசையில வருது. சம வாய்ப்பு மையம் வேணும், பாகுபாடு தடுக்க ஒரு அலுவலர் வேணும்னு இருக்கு. புத்தகத்துல ‘அரவணைக்கிறோம்’, ‘கைகொடுக்கிறோம்’ எல்லாம் உண்டு. உரிமைங்கிற சொல்லு மருந்துக்கும் இல்லை.

“இதுல சாதி எங்க வந்துச்சு?”ன்னு கேக்க வர்ற நண்பர்களுக்கு: கவுண்டர்ல வந்துச்சு. (ஜன்னல் கவுண்டருங்க, சண்டைக்கு வராதீங்க.)

அங்கயேதான் சேர்த்திருக்கோம். எங்க ஊர் பஸ் நேரா அந்த வாசலுக்குத்தான் போகுது, வேற வழி இல்லை. வகுப்பைத் தரைத்தளத்துல போடச் சொல்லி, பெறுநர் ‘சம வாய்ப்பு மையம்’னு எழுதி ஒரு மனு நீட்டினேன். வாங்கிப் படிச்ச அதே ஆள் தலையைத் தூக்கிக் கேட்டார்:

“ஏனுங்க, இது எந்த மாடிங்க?”